மூன்றாவது முளை

"இப்போ எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கிரேன்காரர் மேலிருந்து கேட்டார். கீழே நின்ற இரண்டு பொறியாளர்களும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள்.

இருவரும் சகலைகள். மூத்தவர் பழைய குண்டு ராக்கெட்டின் ஆள். இளையவர் புதிய ஒல்லி ராக்கெட்டின் ஆள். குண்டின் கீழடுக்கின் மேல் ஒல்லியின் மேலடுக்கை ஏற்றினால், தனித்தனியே தூக்க முடியாத பாரத்தைத் தூக்கலாம் என்பது மேலிடத்தின் கணக்கு. இன்று சேராவிட்டால் திட்டம் அம்போ. கீழடுக்கு வாசல் புல்வெளியில் காட்சிப்பொருளாக நிற்கும். வருகிறவன் போகிறவனெல்லாம் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வான்.

மேலடுக்கின் அடியில் மூன்று முளைகள். கீழடுக்கின் வளையத்தில் மூன்று துளைகள். எப்படித் திருப்பினாலும் இரண்டு முளைகள் சமத்தாக இறங்கின. மூன்றாவது மட்டும் துளைக்கு ஒரு சாண் தள்ளி முட்டிக்கொண்டு நின்றது.

"வரைபடத்துல இருந்தபடிதான் துளை போட்டேன்," என்றார் மூத்தவர்.

"நானும் அதே படம்தான் பார்த்தேன் சகலை. மேலேர்ந்து."

"ராக்கெட்டை எவனாவது மேலேர்ந்து பார்ப்பானா? இன்ஜின் பக்கம் நின்னு அண்ணாந்து பார்க்கணும்."

"அது உங்க பிரிவுல. நாங்க குனிஞ்சுதான் பார்ப்போம்."

"பொண்ணு எடுக்கும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒரே வீட்டைப் பார்த்தீங்களே," என்றார் கிரேன்காரர்.

சத்தம் கேட்டு வந்த திட்டத் தலைவி வரைபடத்தைப் பார்த்தார். மேலிருந்து பார்ப்பதும் கீழிருந்து பார்ப்பதும் இடம் வலம் மாறிவிடும்; எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று அதில் எங்கும் குறிப்பில்லை. "சாயங்காலம் ஆய்வுக் குழு வருது. யாரு தன் தப்புன்னு ஒத்துக்கிறீங்களோ அவங்க சரிபண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளையவர் குரலைத் தாழ்த்தினார். "என் வளையம் காகிதம் மாதிரி சகலை. முளையைப் பிடுங்கி நட்டா கிழிஞ்சிடும். உங்களுது எருமைத் தோலு, இன்னும் பத்து துளை தாங்கும்."

அது உண்மைதான். ஆனால் துளைத்தால் தப்பு தன் தலையில் விழும். இனி மாமனார் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இளையவரின் மனைவியான மைத்துனியின் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான். மூத்தவர் தன் கீழடுக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு புல்வெளியைப் பார்த்தார்.

"தப்பு எங்களுதுதான்னு தலைவியம்மாகிட்ட சொல்லிடுங்க. டிரில்லை எடுத்துட்டு வாங்கப்பா."

குழு வந்து சேர்வதற்குள் மூன்று முளைகளும் 'டொக்'கென்று உட்கார்ந்துவிட்டன. கிரேன்காரர் கொக்கியைக் கழற்றும்போதே மூத்தவரின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, படத்தைத் தலைகீழா பார்த்தீங்களாமே? தங்கச்சி போன்ல சிரிச்சு மாளல."

சகலை வெகு கவனமாகக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா, நான்தான் தப்பா பார்த்தேன். ஆனா அவ புருஷன் சாமானை முதுகுல சுமந்துட்டு மேல போகப்போறது நம்ம அடுக்குதான். அதையும் அவகிட்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்றாள் மனைவி. "என் புருஷனுக்கு மூட்டை தூக்குறாரான்னு இன்னும் சிரிப்பா."