சின்னராசா கை நனைத்த நாள்

அந்தக் கால்சட்டையைத் தலவாக்கலை டெயிலர் இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தார். மூன்றாவது முறை கொண்டுபோனபோது, "இனிப் பிடிக்கத் துணி இல்ல, புதுசு எடுங்க" என்றார். சின்னராசா எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். கல்யாணம் உண்டா இல்லையா என்பது இன்றைக்கு மதியம் தெரிந்துவிடும்.

அவர் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். ஏழு மாதத்துக்கு முன் நூற்று முப்பத்தெட்டுக் கிலோ இருந்தார். டிஸ்பென்சரித் தராசு நூற்றிருபதோடு நின்றுவிட்டதால், ஃபெக்டரியில் கொழுந்து நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் ஏறி நின்றார்.

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிரவா அண்ணே?" என்றான் நிறுக்கிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னராசாதான் முதலில் சிரித்தார். முப்பது வருஷமாக அப்படித்தான்.

கோவில் சாப்பாட்டில் அவர் இலை போட்டு உட்கார்ந்தால் சுற்றி ஆள் நிற்கும். பரிமாறுகிறவன் வாளியோடு அவர் பக்கத்திலேயே நின்றுவிடுவான். அவர் நிமிர்ந்து யாரையும் பார்க்கமாட்டார். பிறகு ஸ்டியரிங் வயிற்றில் உரசத் தொடங்கியது. இரத்தத்தில் சீனி ஏறியது. காலில் வந்த புண் ஐந்து மாதம் ஆறவில்லை. வருஷ முடிவோடு லொறியை விட்டுவிடச் சொன்னார்கள் ஆபீசில்.

கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. ஐந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் வைத்தது ஒரு வாழைப்பழம் அளவு. கட்டிலருகே நின்ற சிங்கள நர்ஸ் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஹெமின், ஹெமின்." மெதுவாக, மெதுவாக.

மெதுவாகச் சாப்பிடுவது எப்படி என்று ஐம்பத்திரண்டு வயதில் படிக்கவேண்டியிருந்தது. முதலில் முட்டை, அல்லது பருப்பு. இடம் இருந்தால் சோறு. சோற்றோடு தண்ணீர் கூடாது. இனிப்பு கூடவே கூடாது. நாலு வாய், ஐந்து வாய், அதோடு சரி. புண் ஆறியது. லொறி அவரிடமே இருந்தது. தொண்ணூற்றாறு கிலோவுக்கு இறங்கினார். மனைவி நாகலெட்சுமிதான் பழைய பானையிலேயே சோறு வடித்து, மிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு சின்னப் பானைக்கு மாறினாள். ஆனால் ஒன்றில் மட்டும் அவள் மாறவில்லை.

"வயித்த வெட்டிட்டாங்கன்னு வெளியில சொல்லாதீங்க. பொண்ணு இருக்கிற வீடு. என்னா நோயோன்னு பேசுவாங்க. கல்லு எடுத்தாங்கன்னு சொல்லுவோம்."

அப்படியே சொன்னார்கள். ஊரே பித்தப்பைக் கல் என்று நம்பியது.

மகள் சுலக்ஷனா ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பொகவந்தலாவை வாத்தியார் வினோஜனை அங்கேதான் பழக்கம். இரண்டு வருஷமாயிற்று. போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துப் போனார்கள். இன்று இவர்கள் போகவேண்டும். முடிவாகாத வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், சோறு தின்பதில்லை. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டு இலையில் கை நனைத்தால் சம்மதம். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தால் விருப்பமில்லை. காரணம் கேட்பதும் வழக்கமில்லை.

பெண் அந்தப் பயணத்தில் போகக்கூடாது. வேனில் ஏறும்போது சுலக்ஷனா அப்பாவின் கொலரைச் சரிசெய்தாள்.

"அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். கை நனைச்சிட்டு வாங்க, போதும்."

"சரிம்மா."

"கொஞ்சமாவது சாப்பிட்ட மாதிரி தெரியணும்."

வேன் நோர்வூட்டைத் தாண்டும்வரை அந்தச் சொல்தான் அவர் தலைக்குள் ஓடியது.

மாப்பிள்ளையின் அம்மா ஜீவராணி கொழுந்தெடுத்தே மகனைப் படிக்கவைத்தவர். புருஷன் இல்லை. புருஷனின் தம்பி அழகன்தான் முன்னுக்கு நின்று வரவேற்றான்.

"வாங்க வாங்க. எங்கண்ணி விடியுமுன்னே அடுப்புக்கிட்ட போயிட்டாங்க. உங்க சாப்பாட்டப் பத்தி இங்க வரைக்கும் தெரியும்ல."

ஜீவராணி சிரித்தபடி பார்த்தார். பார்வை அவருடைய சட்டைத் தோளில் ஒரு கணம் நின்றது. தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி இறங்கியிருந்தது.

எல்லா இலையையும்விடப் பெரிய இலை அவருக்கு. சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய், அப்பளம், இரண்டு வடை. சோற்றைக் குவித்தார்கள். வினோஜன் தண்ணீர் ஊற்றிவைத்தான். சின்னராசா பருப்பாகப் பார்த்துப் பிசைந்தார். ஒரு வாய். மென்றார். இரண்டு. மூன்று. நான்காவது வாய் இறங்கும்போதே நெஞ்சுக்குக் கீழே கதவு சாத்திக்கொண்டது. சோற்றை இலையின் ஓரத்துக்குத் தள்ளினார், பிறகு நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"என்னாங்க, கோலமா போடுறீங்க?" என்றான் அழகன். யாரும் சிரிக்கவில்லை.

"கறி ஒப்பலையா?" என்றார் ஜீவராணி.

"ரொம்ப நல்லாருக்குங்க."

"அப்பச் சாப்புடுங்க."

அவர் சாப்பிடவில்லை. அழகன் கூரையைப் பார்த்துக்கொண்டு பொதுவாகச் சொன்னான். "டவுனுக்குக் கிட்ட இருக்கிறவங்க. நம்ம வீடு சின்னதாத் தெரியும்."

வினோஜனின் முகம் இறங்கியது. நாகலெட்சுமி புருஷனின் பக்கம் திரும்பாமலே முணுமுணுத்தாள். "என்னத்தையாவது வாயில வைங்க."

ஜீவராணி பாயாசக் கோப்பையை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

இனிப்பு கூடவே கூடாது. சின்னராசாவுக்குத் தெரியும். கொலரைச் சரிசெய்த விரல்களும் ஞாபகம் வந்தன. கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அறை லேசானது. அழகன் வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனான். நாகலெட்சுமி மூச்சு விட்டாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். முதலில் கழுத்து வேர்த்தது. பிறகு நெஞ்சு பந்தயக் குதிரைபோல அடித்தது. கண்ணுக்கு முன்னால் வெற்றிலை இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பின்பக்கம் போனார். தண்ணீர்க் குழாயடியில் குந்தி, குடித்ததையும் தின்றதையும் வெளியே விட்டார்.

நிமிர்ந்தபோது ஜீவராணி வாசற்படியில் நின்றார். கையில் முகம் துடைக்கத் துவாய் இருந்தது. கொடுக்கவில்லை.

"எங்க வீட்டுச் சோறு அவ்வளவு ஆகாமப் போச்சா?"

"இல்லைங்க."

"வேற என்னா? ஊரு சொன்ன ஆளுல பாதிதான் இருக்கீங்க. சட்ட தொங்குது. எம்புள்ளைக்குப் பொண்ணு கேட்டிருக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. என்னா சீக்கு?"

உள்ளேயிருந்து நாகலெட்சுமி ஓடிவந்தாள். "அவருக்குக் கல்லு ஆபரேஷன்..." என்று தொடங்கினாள். சின்னராசா கையைக் காட்டி நிறுத்தினார். பேச வேண்டாம் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டே சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினார். ஐந்து தழும்பு. ஒவ்வொன்றும் அரிசி நீளத்துக்கு.

"கல்லு இல்லைங்க. இரைப்பைய வெட்டிச் சின்னதாக்கிட்டாங்க. சீனி முத்தி கால் போற நெலமைல இருந்தேன். இப்ப சீக்கு இல்ல. அஞ்சு வாய்க்கு மேல இறங்காது, இனிப்புப் பட்டா இப்புடித்தான் ஆகும். அவ்வளவுதான்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீங்க?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

ஜீவராணி துவாயைக் கொடுத்தார். பிறகு குழாயைத் திறந்து, குழாயடியைத் தானே கழுவிவிட்டார்.

"வினோஜன் அப்பாவுக்கும் சீனிதான். மொதல்ல விரலு, அப்பறம் காலு. நாங்களும் வெளியில சொல்லல. லொறியில அடிபட்டதுன்னு சொன்னோம்." குழாயை மூடினார். "பொய்யி சொல்றதுல நமக்குள்ள சம்பந்தம் எப்பவோ முடிஞ்சிருச்சு."

ஜீவராணி சிரித்தார், நாகலெட்சுமி சிரித்தாள், பிறகு சின்னராசா சிரித்தார். யாருக்கும் முந்திக்கொள்ளாமல், கடைசியாக.

"இப்ப எப்புடி இருக்கு?"

"குறையுதுங்க. அர மணிநேரம் இருந்தாச் சரியாயிரும்."

"இருங்க. எவனும் வேன ஸ்டார்ட் பண்ண மாட்டான்."

அரை மணிநேரம் கழித்து அவரை உள்ளே உட்கார வைத்தார்கள். இலையை எடுத்தாயிற்று. ஜீவராணி தேத்தண்ணிக் கோப்பையின் சோசரைக் கழுவி எடுத்துவந்தார். அதில் அரை முட்டை, ஒரு கரண்டிப் பருப்பு, விரல் நுனியில் எடுக்குமளவு சோறு.

"எண்ணிக்கிட்டு இருக்க மாட்டேன். முடிஞ்சதச் சாப்புடுங்க அண்ணே."

அண்ணே. நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வினோஜன் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனான்.

"அத வச்சிரு தம்பி," என்றார் சின்னராசா. "சோத்தோட தண்ணி கூடாது."

"சொல்லியிருந்தா நாங்க ஏன் வாளியத் தூக்கப் போறோம் மச்சான்?" என்றான் அழகன். அவனும் உறவு சொல்லி அழைக்கத் தொடங்கியிருந்தான்.

சின்னராசா ஒரு துண்டு முட்டையை வாயிலிட்டு மென்றார். ஹெமின், ஹெமின். அழகன் மரக்கறி விலையைப் பற்றிப் பேசினான். ஜீவராணி ஆபரேஷனுக்கு எங்கே எழுதிக்கொடுக்கவேண்டும், எத்தனை நாள் படுக்கவேண்டும் என்று கேட்டார். பக்கத்து லயத்து வீட்டில் ஒருத்திக்குக் கேட்கவேண்டுமாம். அவர் சொன்னார். சாப்பாட்டின் நடுவில் வாய் காலியாக இருக்கும் நேரம் இவ்வளவு என்பதும், அதில் இவ்வளவு பேசலாம் என்பதும் அவருக்குப் புதிது. வினோஜனுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. போன மாதம் இதே பையன் அவர் வீட்டில் இரண்டு மணிநேரம் இருந்தான். அப்போது கண்ணில் படவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. நாகலெட்சுமி எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"அப்பா, இன்னும் ஒரு செய்தியும் இல்ல. கை நனைச்சீங்களா இல்லையா?"

சின்னராசா சோசரைப் பார்த்தார். பாதி இருந்தது. விரலில் பருப்பு ஒட்டியிருந்தது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேம்மா," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."