மேயர் ஹென்லிக்குக் கார்னேஷன் மாலை

தொண்ணூற்றேழில் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை ஒரு சிலை. அமெரிக்காவில் மில்பிடாஸை ஒட்டிய சின்ன ஊர். பிலிப் காலையில் ஆபீஸ் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அவன் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த மனைவி நான், வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. நடக்கிற தூரத்தில் ஒரு பார்க், அதில் பெஞ்சில் உட்கார்ந்த வாக்கில் முன்னாள் மேயர் ஹென்லி. பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் கடிதம் வரைக்கும் தமிழில் கொட்டித் தீர்ப்பேன். குறுக்கே பேசாத மனிதர். பிலிப்புக்கு எவ்வளவோ மேல்.

சிலைக்குக் கீழே தகட்டில் பிறந்த தேதி இருந்தது, இறந்த தேதி இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டினேன். சிலையே வைத்துவிட்டார்கள், ஆள் இருப்பாரா?

அவர் பிறந்தநாள் வந்தது. நம் ஊரென்றால் ஏணி போட்டு மாலை போட்டிருப்பார்கள். இங்கே ஈ காக்கை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கார்னேஷன் பூ வாங்கி, ஊசிநூலில் கோத்து, கழுத்தில் போட்டேன்.

பின்னால் யாரோ செருமினார்கள். ஊன்றுகோலோடு அதே மூக்கு, அதே காது.

"எனக்கா?" என்றார் ஆங்கிலத்தில்.

"சாரி அங்கிள், எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் இப்படிப் போட்டு அப்படியே விட்டுடுவாங்க. உயிரோட இருக்கறவங்க உடனே கழட்டிடுவாங்க" என்பதைத் தெரிந்த ஆங்கிலத்தில் உளறிக்கொண்டே மாலையைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்" என்று தடுத்தார். "சிலை வைத்த பிறகு என்னைப் பார்க்க யாரும் வருவதில்லை."

எதிரே மஞ்சள் வீட்டைக் காட்டினார். "அந்த ஜன்னலிலிருந்து ஒரு வருஷமாக உன்னைப் பார்க்கிறேன். எழுந்து வரலாமா என்று தினமும் நினைப்பேன். தொந்தரவாகிவிடுமோ என்று இருந்துவிட்டேன்."

"நாளைலேர்ந்து வாங்க. பதினோரு மணிக்கு இங்கதான் இருப்பேன்."

"இன்று மதியம் என்னைக் கூட்டிப்போக மகள் வருகிறாள். ஆரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லம் பார்த்திருக்கிறாள்."

நடுவில் இருந்தது ஒரே ஒரு தெரு. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. "ஒரு நாளாவது வந்திருக்கலாமே" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

புரியாமல் சிரித்தபடி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். மகளின் கார் வரும்வரை அப்படியே இருந்தோம். ஒரு வருஷமாக ஓயாமல் பேசிய எனக்கு, அன்று அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.