நவநீதகிருஷ்ணன் செய்த சைரன்

குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி வைத்து ஓட்டும் நவநீதகிருஷ்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் சைரன்மீது ஆசை வந்தது. மேட்டூர் போயிருந்தபோது, உபரிநீர் திறப்பதற்கு முன் ஊதிய சைரனைக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அது எப்படிக் கத்துகிறது என்று கைபேசியில் தேடினார். உள்ளே ஒலிபெருக்கி எதுவும் இல்லை, வெறும் காற்றுதான் என்று தெரிந்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்று செய்துவிட நினைத்தார்.

செய்முறை எளிதுதான். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம். இரண்டின் பக்கவாட்டிலும் வரிசையாகத் துளைகள். உள்கிண்ணத்தை மோட்டார் சுழற்றும்போது அது நடுவில் காற்றை இழுத்து ஓரத்தில் வீசும். துளைக்கு நேரே துளை வந்தால் காற்று வெளியேறும், விலகினால் அடைபடும். இது வேகமாக நடந்தால் அதுவே சத்தம். வேகம் கூடக்கூடச் சுருதி ஏறும்.

பிளாஸ்டிக் குழாய்களின் வாயை அடைக்கிற மூடிகள் இரண்டை வாங்கி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு துளைகள் அறுத்தார். பழுதான ஹேர் டிரையரிலிருந்து மோட்டாரைக் கழற்றினார். மூடிகள் ஒன்றோடொன்று உரசாமல் சுழலும்வரை அரத்தால் தேய்த்தார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வைத்தார்.

மனைவி உஷாராணி ஆயத்த ஆடை கம்பெனிக்கு வேலைக்குப் போனபின், மாடியில் வைத்து ஓட்டிப் பார்த்தார். சுற்றிலும் எல்லா வீட்டிலும் தறி ஓடும் நேரம். யாரும் என்னவென்று எட்டிப் பார்க்கவில்லை. சைரன் முனகிக்கொண்டு ஏறியது. பாதிக்கு மேல் போனதும் சத்தம் மெலிந்து நின்றுவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் காற்று மட்டும் அடித்தது.

மோட்டாரில்தான் கோளாறு என்று வேறு மோட்டார் மாட்டினார். மூடிகளைப் புதிதாக அறுத்தார். துளைகளின் ஓரத்தை இழைத்தார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சத்தம் நின்றது.

தறிகள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணி எடுக்க உஷாராணி மாடிக்கு வந்தார்.

"இங்க பாரு உஷா. ஏறும், அப்புறம் நின்னு போயிரும்" என்று திருகைத் திருப்பினார்.

சைரன் ஏறியது. உஷாராணி துணிகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"பாத்தியா, நின்னு போச்சு."

"மொதல்ல அத நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். "எதுக்குக் காதப் பொத்தற? சத்தமே வரலியே."

"வெளையாடறீங்களா? ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்குது."

அவர் விளையாடுகிற ஆள் இல்லை. உஷாராணி திருகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கட்டத் திரும்பி நில்லுங்க. சத்தம் கேக்கற வரைக்கும் கையத் தூக்கி வையுங்க."

அவர் திரும்பி நின்று கையைத் தூக்கினார். சைரன் ஏறிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் கை இறங்கிவிட்டது. உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை திருப்பி, மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தார். அதே இடத்தில் கை மறுபடியும் மேலே போனது. இன்னொரு தடவை செய்து பார்த்தார். மாறவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்குக் குக்கர் கத்திக் கத்தி அடி புடிச்சுதே. பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"கேக்குல."

"நான் பேசுனா பதில் சொல்லாம இருக்கறது?"

"நீ சொல்றதுல பாதி காதுல உழுகறதில்ல. என்மேல கோவத்துல வாய்க்குள்ள பேசறீன்னு நெனச்சேன்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? இவரு இனி நம்மள மதிக்க மாட்டாருன்னு. மூணு நாலு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

நவநீதகிருஷ்ணன் எழுந்துபோய், கீழே கிடந்த துணிகளைப் பொறுக்கித் தூசி தட்டி உஷாராணியின் மடியில் வைத்தார்.

ஈரோட்டில் டாக்டர் பார்த்தார். தறிச்சத்தம் தின்ற காது என்றும், போனது திரும்பாது என்றும், காது கேட்கும் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நவநீதகிருஷ்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: துளைகளைக் குறைத்தால் சுருதி இறங்கித் தனக்கும் கேட்குமா? டாக்டருக்குப் புரியவில்லை. உஷாராணி விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு துளைகளோடு செய்த அடுத்த சைரன் அடியிலிருந்து முடிவுவரை அவருக்குக் கேட்டது.

வாங்கிய காதுக் கருவியைத் தறிக்கூடத்தில் போட முடியவில்லை, இரைச்சல் மண்டையைப் பிளந்தது. அங்கே தானும் காதடைப்பான் வைத்துக்கொண்டு, வேலை செய்கிறவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"தறிச்சத்தம் மாறுறத வச்சுத்தானுங்கண்ணா நூல் அறுந்தது தெரியும். காத அடச்சுட்டு எப்படி ஓட்டறது?" என்றார் காத்தான். முப்பது வயது, போன ஆண்டுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை மாடிக்கு வரச் சொன்னார். காத்தான், அவரைவிட மூத்த சென்னியப்பன், தனி அறையில் நூல் சுற்றும் சௌமியா மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்று கை தூக்கினார்கள். பன்னிரண்டு துளைச் சைரனை உஷாராணி ஓட்டினார்.

சென்னியப்பனின் கை முதலில் இறங்கியது. அதை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். சுருதி சற்று மேலே போனதும் காத்தானின் கையும் இறங்கியது. சைரன் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பிய காத்தான், சௌமியாவின் கை இன்னும் தூக்கியபடி இருப்பதைப் பார்த்தார்.

"இன்னுமா கேக்குது?" என்றார்.

சௌமியாவுக்கு அவர் கேட்டது காதில் விழவில்லை. உஷாராணி சைரனை நிறுத்தியபின், "என்னங்கண்ணா சொன்னீங்க? இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்குல" என்றார்.

காத்தான் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காதை அடைத்துக்கொண்டு தறி ஓட்டினார். நூல் அறுவதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க இன்னும் பழகவில்லை. அந்த வாரம் அவர் ஓட்டிய துணியில் இழை விட்ட இடங்கள் நிறைய. நவநீதகிருஷ்ணன் அந்தத் துணியைத் தனியாக மடித்து வைக்கச் சொன்னார். காத்தானின் கூலியில் எதுவும் பிடிக்கவில்லை.