கடிகாரம் கேட்காத வரிசை

தறிகள் ஓடத் தொடங்கியதைத் தில்லையம்மாள் காதால் அறிவதில்லை. விடியற்காலை ஆறு மணிக்குத் தரை நடுங்கும். நடுக்கம் குதிகாலில் ஏறி, முழங்காலைத் தாண்டி, கடைவாய்ப் பல்லில் போய் நிற்கும். அப்போதிலிருந்து மதியம் வரை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றி, தறிகளுக்குக் கூடை கூடையாகச் சுமக்க வேண்டும். நூல் அறுத்த விரல்களில் வியர்வை பட்டு எரியும். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷமாயிற்று. மில்லின் தகரக் கூடத்தில் ஒன்றும் மாறவில்லை.

உள்ளே யாரும் கத்திப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பதினோரு வருஷத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது. வீட்டில்தான் தோற்றாள். ஒருநாள் நாலு வயது வரலட்சுமி முதுகுக்குப் பின்னால் நின்று எதையோ கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள். கடைசியில் முந்தானையை இழுத்தாள். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பி அறைந்துவிட்டாள். அன்றிலிருந்து குழந்தை அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறது. மகளின் குரல் எப்படியிருக்கும் என்று தில்லையம்மாளுக்குத் தெரியாது.

கழிவுப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். அப்படி அடைத்தபடியே வாசலைத் தாண்டிய இருசப்பனை, மில் பஞ்சைத் திருடினான் என்று எழுதி மூன்று நாள் வெளியே நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை, தறியில் ஊடுநூலோடு குறுக்கே பாயும் கூர்முனைக் கட்டையான நாடா தெறித்து அன்னக்கிளியின் கண்ணில் பாய்ந்தது. "குனி!" என்று பத்துப் பேர் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. கண் போயிற்று. வெள்ளிக்கிழமை மேனேஜர் பஞ்சநாதன் அறிவிப்பு ஒட்டினார்: செவிடர்களால்தான் விபத்து, எல்லோருக்கும் காது சோதனை, தேறாதவர்களுக்கு வேலையில்லை.

மறுநாள் காலை எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மில் டாக்டர் பின்னால் நின்று பைக்கடிகாரத்தைக் காதருகே பிடிக்க, மேனேஜர் முன்னால் நின்று கேட்டார்.

"கேக்குதா?"

"எது முசியே?" என்று பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதையில் கேட்டாள் செல்வாம்பாள்.

"பொறவிச் செவிடு. வெளிய அனுப்பு."

"பொறவியா? பத்தொம்பது வருஷம் இந்தத் தகரத்துக்கடியில நின்னேனே ஐயா!"

"உள்ள வரும்போதே கேட்டுதுன்னு எவன் கண்டான்?"

காவல்காரன் அவள் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான்.

அடுத்தவள் தில்லையம்மாள். எதிர்ச் சுவரோரம் குருசுக்குப்பத்துச் சூசைமேரி நின்றாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான், நல்ல காது. கடிகாரம் நெருங்கினால் அவள் இமையைத் தாழ்த்துவதாகத் தில்லையம்மாளோடு ஏற்பாடு.

இமை தாழ்ந்தது.

'கேக்குது' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் வீட்டு அடுப்பு எரியும். ஆனால் வாசலில் செல்வாம்பாள் முதுகு காட்டி நின்றாள். நாளைக்கு நாடா யார் கண்ணைத் தேடும்? மோவாயில் குழந்தையின் விரல்கள் பட்டதுபோல் இருந்தது.

"கேக்கல."

"நீயும் கெளம்பு."

"போறேன். எங்க காத அளக்குறீங்களே, உங்க தறி போடுற சத்தத்த எவன் அளந்தான்? ஓடவிட்டுப் பாருங்க, டாக்டரு கடிகாரம் டாக்டருக்கே கேக்குதான்னு."

அவள் திரும்பி டாக்டரின் உதட்டைப் பார்த்தாள். "அதுக்குக் கருவி இருக்கு," என்று அவை தயங்கி அசைந்தன. "மெட்ராஸ்லேருந்து வரவழைக்கலாம்..."

"நீங்க கடிகாரத்தப் புடிச்சா போதும்," என்றார் மேனேஜர். "அடுத்து!"

சுவரோரத்திலிருந்து சூசைமேரி முந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"கேக்குதா?"

"கேக்கல."

"பொய் சொல்றியாடி?"

"என்னாங்க? சத்தமா சொல்லுங்க."

வரிசை சிரித்தது. இருசப்பன் முறை வந்தது. "கேக்கல." அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கடிகாரம் வரும்வரை காத்திருக்கவே இல்லை. "கேக்கல." "எனக்கும் கேக்கல."

மேனேஜரின் முகம் கறுத்தது. "எஞ்சினப் போடு! இவனுங்க பேச்சு கேக்கக் கூடாது!"

மேஸ்திரிகள் ஓடிப்போய்த் தறிகளின் கைப்பிடிகளைத் தள்ளினார்கள். இரைச்சல் முற்றத்தில் வந்து இடித்தது. டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேனேஜரின் வாய் திறந்து திறந்து மூடியது.

தில்லையம்மாளின் உதடுகள் அசைந்தன: 'கருவி வர்ற வரைக்கும் யாரும் உள்ள போறதில்ல.' சூசைமேரி அதை வாங்கி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். உதட்டுக்கு உதடு தாவி அது வரிசையின் கடைசிவரை போயிற்று. பஞ்சநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு வார்த்தையும் அவருக்குப் பிடிபடவில்லை.

வரிசை வாசலை நோக்கி நகர்ந்தது. அங்கே செல்வாம்பாள் இன்னும் முதுகு காட்டியே நின்றாள். வரிசை முழுவதும் தன் பின்னால் வந்து நிற்பது அவளுக்குத் தெரியாது. தில்லையம்மாள் அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"தனியா போவாதக்கா," என்றாள்.