இறுக்குகிற பக்கம்

லேத் மெஷினில் இரும்பு கடைந்து பிழைத்த லேத்துக்காரர் பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: "இல்ல." பசிக்கிறதா என்று கேட்டாலும் இல்ல. தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல. அப்படிச் சொல்லிக்கொண்டே தம்ளரை உதட்டில் வைத்தால் மடமடவென்று குடித்துவிடுவார். அதனால் அந்த ஒற்றைச் சொல்லுக்கும் வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையால்தான் எதையாவது காட்டுவார். "வலம் இடம் கொஞ்சம் குழம்பலாம், பெரிசா எடுத்துக்காதீங்க" என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை அவர் மனைவி தெய்வவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அவர் இந்தப் பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்வாள். பாவம், அன்பினால்தான் செய்தாள்.

அவள் அவரை விட்டு ஒரு வேளைகூட நகர்ந்தது கிடையாது. துடைப்பதும் ஊட்டுவதும் உடுத்துவதும் அவளே. வீட்டு வேலையெல்லாம் முடிந்ததும் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்துக் கடவுளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பாள். இவர் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் கொஞ்ச காலமாக லேத்துக்காரர் தூங்குவதே இல்லை. கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, பாலைக்கூடத் துப்ப ஆரம்பித்திருந்தார். இப்படியே போனால் அதிக நாள் தாங்காது என்பது பார்க்க வந்தவர்களின் முகத்திலேயே தெரிந்தது.

அவளுக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தாள். காரணம் அந்தப் பழைய மேசை ஃபேன்.

இரும்பு அடிப்பாகமும் பித்தளை இறக்கைகளுமாக, ஒரு கைக்குழந்தையின் கனம் கனக்கும் அது. வேலை செய்த தொழிற்சாலையின் கழிவுக் குவியலிலிருந்து லேத்துக்காரர் எடுத்து வந்து, துரு சுரண்டி, ஓட வைத்தது. கல்யாணமான புதிதிலிருந்து அதன் முனகலில்தான் இருவரும் தூங்கினார்கள். அது நின்றுபோன சமயமும் அவர் தூக்கம் போன சமயமும் ஏறக்குறைய ஒன்று. புது ஃபேன் வாங்கி வைத்தும் பலனில்லை. ஆகவே தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தம்பி மோட்டார் மெக்கானிக். கடையைச் சாத்திவிட்டு, கருவிப் பையோடு மத்தியானங்களில் வந்தான். பின்னறையில் சாக்கை விரித்து ஃபேனைப் படுக்க வைத்துப் பார்த்தான். தண்டு உறைந்து போயிருந்தது. பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஓடிவிடும். ஆனால் பிரிக்க வேண்டுமானால் முதலில் இறக்கைகள் வர வேண்டும். இறக்கைகள் வர வேண்டுமானால் அவற்றைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்னத் திருகாணி வர வேண்டும். அது வருவதாக இல்லை.

மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தான். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். பித்தளையைச் சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி திருப்புளியைப் போட்டு உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் வைத்துத் திருகினான். அடுத்த நாளும் அதே கதை.

பின்னறையின் கதவு திறந்தே இருந்ததால் கட்டிலிலிருந்து லேத்துக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திருப்புளியைப் போடும்போதும் "இல்ல, இல்ல" என்று இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்துக் காற்றில் திருகிக் காட்டினார். கடிகார முள் போகும் திசையில் காட்டினார்.

"அது இறுக்குற பக்கங்க," என்று மனைவி சிரித்து, அவர் கையைப் பிடித்து மார்பின் மேல் வைத்தாள். அவர் மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தாள்.

"சரி அத்தான், சரி அத்தான்," என்றான் மெக்கானிக், தலை நிமிராமலேயே. வாழ்நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதருக்குத் திருகாணி கழலும் திசைகூட மறந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டான். அந்த வருத்தத்தில் எதிர்ப்பக்கமாக இன்னும் பலமாகத் திருகினான். திருப்புளி வழுக்கி, திருகாணியின் வெட்டுப் பள்ளம் ஒரு பக்கம் மழுங்கிப் போனது.

"ஊர்ல உள்ள மோட்டாரெல்லாம் உன்கிட்ட வந்து ஓடுது," என்றாள் அக்கா. "அக்கா வீட்டு ஃபேன்கிட்ட மட்டும் உன் பருப்பு வேகலையா?"

"உன் வீட்டுக்காரர் போட்ட ஸ்க்ரூ இல்லையா? அவரை மாதிரியே அழுத்தம்."

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படியாவது ஓட வைத்துவிடு, ஒரே ஒரு நாள் அவர் கண் அசந்தால் போதும், அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை என்றாள். கடவுளிடம் கேட்ட அதே குரலில் தம்பியிடமும் கேட்டாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் டிரில்லைக் கொண்டுவந்தான். திருகாணியின் நடுவில் துளை போட்டு அதைத் தின்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொஞ்சம் பிசகினால் பித்தளைக்குள் திருகாணியைப் பிடித்து நிறுத்தும் புரிவரி, அதன் மறை, போய்விடும். அப்புறம் அந்த இறக்கைகள் எந்தக் காலத்திலும் தண்டில் நிற்காது. சத்தம் கேட்கும் என்று முன்கூட்டியே சொன்னான். லேத்துக்காரர் டிரில்லையே பார்த்தார். அதிசயமாக, இந்த முறை இல்ல என்று சொல்லவில்லை.

முனை இரும்பில் ஊன்றியது. சுருள் சுருளாகக் கொஞ்சம் தூள் வந்தது. பிறகு ஒரு சின்ன உதறல். முனை உள்ளே இறங்குவதற்குப் பதிலாக, திருகாணியே முனையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தது. மெக்கானிக் பதறிப்போய் விசையை விட்டான். திருகாணி முழுசாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

டிரில் சுற்றுவது இறுக்குகிற பக்கம். இறுக்குகிற பக்கம் சுற்றி ஒரு திருகாணி எப்படிக் கழன்று வரும்?

அதை விரலில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான். மறை வழக்கத்துக்கு எதிராகச் சாய்ந்திருந்தது. மற்றத் திருகாணிகள் இறுகுகிற பக்கத்தில் இது கழலும். முன்னொரு காலத்தில் உள்மறை தேய்ந்துபோய், பட்டறையில் அந்த அளவுக்கு இடது மறை வெட்டும் கருவி ஒன்றுதான் கையில் கிடைத்திருக்கும்; லேத்துக்காரர் பித்தளையில் மறையை மாற்றி வெட்டி, அதற்கேற்ற திருகாணியைத் தாமே கடைந்து போட்டிருக்கிறார். இத்தனை நாளும் மெக்கானிக் மாங்கு மாங்கென்று அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் எழுந்து கட்டிலருகே போனான். ஃபேனைப் பற்றிய நினைப்பே இல்லை. திருகாணியை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான்.

"அத்தான், நீங்க காட்டினதுதான் சரி. நான்தான் கேட்கல."

லேத்துக்காரரின் கண்கள் அவன் முகத்தில் அப்படியே நின்றன. பிறகு உதடு கோணி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் சொல் இல்லை. கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

அடுக்களையிலிருந்து ஓடி வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். மறை, திசை, கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியது எல்லாவற்றையும் சொன்னான். இதில் அழ என்ன இருக்கிறது, திருகாணி வந்துவிட்டதல்லவா, மாட்டி ஓடவிடு என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போனது.

"வலம் இடம் குழம்பலையா அவருக்கு?"

"குழம்பலக்கா."

"அப்போ இடுப்பு?" என்றாள். கேட்டது தம்பியிடமில்லை.

தினமும் அவர் இடது இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார். விழுந்துபோன வலது பக்கத்தைத்தான் சொல்கிறார் என்று வலது இடுப்புக்குத் தைலம் தேய்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் நோகக் கூடாதே என்று எப்போதும் இடப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். உடம்பு துடைக்கும்போதுகூட அடியிலிருந்த பக்கத்தைக் கைபோன போக்கில் தடவி விட்டிருக்கிறாள். அதிகம் புரட்டினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்று பயம். அவர் இல்ல, இல்ல என்றபோதெல்லாம், கொஞ்சம் பொறுங்க கண்ணு என்றிருக்கிறாள்.

இருவருமாக அவரைப் புரட்டினார்கள். எலும்பு மேட்டில் தோல் கறுத்து, நடுவில் குழிந்து, புண் வேட்டியோடு ஒட்டியிருந்தது. தைல வாசனைக்கு அடியில் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த வாடை மேலே வந்தது. அக்கா கத்தவில்லை. வேட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, நூல் நூலாகப் பிரித்தாள்.

நல்லவர்கள் செய்கிற கொடுமைக்குச் சத்தமே கிடையாது. அது பால் ஆற்றிக் கொடுக்கும்; தலையணையைச் சரிசெய்யும்; காது கொடுத்துக் கேட்பது ஒன்றைத் தவிர எல்லாம் செய்யும்.

மெக்கானிக் ஓடிப்போய் அடுத்த தெருவில் இருந்த நர்ஸைக் கூட்டி வந்தான். நர்ஸ் திட்டுகிற ரகம். வாசலிலேயே ஆரம்பித்தவள் அக்காவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். புண் எலும்பு வரை போயிருக்கிறது, உடம்பில் சக்தியும் இல்லை, ஆறும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். தூங்காததற்கும் சாப்பிடாததற்கும் இதுதான் காரணம் என்பதையும் மறைக்கவில்லை. ஊசி போட்டு, கழுவி, கட்டுக் கட்டினாள். போகும்போது அக்காவின் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்துவிட்டுப் போனாள்.

அவரை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். எந்தத் தலையணை எங்கே என்று இப்போது அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் கை காட்டிய இடத்திலேயே வைத்தாள். கடைசித் தலையணையைச் செருகி நிமிர்வதற்குள் அவர் கண் மூடிவிட்டது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது.

மெக்கானிக் பின்னறைக்குப் போய் இறக்கைகளை மெல்ல எடுத்தான். அக்கா வாசற்படியில் நின்று, வேண்டாம் என்று கையசைத்தாள். இரும்பில் பித்தளை பட்டுச் சத்தம் வந்தால் எழுந்துவிடுவார். அவன் சாக்கின் மேல் அவற்றை அப்படியே வைத்தான்.

அவள் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக அவள் வேண்டிக் கேட்ட சத்தம் அது.

"வேற என்னென்ன சொல்லியிருப்பார்டா?" என்றாள்.

மெக்கானிக் அவள் கையைப் பிடித்துத் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான்.