எரிமலைக்கு ஒரு மாக் டிரில்

பூவராகவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் இரும்பு ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. அந்த வேலையை ஆலை கேட்டோடு விட்டுவிட்டு வந்தால் மனைவி சுமலதாவுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? மாதாமாதம் வீட்டிலும் மாக் டிரில் என்று தீ விபத்து ஒத்திகை நடக்கும். புகை என்று அவன் கத்தினால், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, பிள்ளைகள் இரண்டும் அம்மாவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடும்.

அதனால்தான் சென்னையில் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும்போதே கண்டிஷன் போட்டாள்: இன்றைக்கு ஒரு நாள் சேஃப்டி பேச்சே கூடாது. அவளுக்கு வேண்டியது அங்கிருந்த கோளரங்கம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்று அம்மை போட்டுப் படுத்திருந்தாள். கூட்டாளிகள் திரும்பி வந்து நட்சத்திரத்தைப் பற்றி மாய்ந்து மாய்ந்து சொன்ன வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. போய் இறங்கியதும் முதல் வேலையாக, அன்றைக்கு மிச்சமிருந்த ஒரே தமிழ்க் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

காட்சி தொடங்கும்வரை பொழுது போகட்டும் என்று எரிமலை அறைக்குள் நுழைந்தார்கள். மாதிரி எரிமலைதான். உறுமியது, சிவந்தது, உச்சியிலிருந்து குபுகுபுவென்று புகை விட்டது.

அவ்வளவுதான். எட்டு வயது காயத்ரி, எல்லோரும் வெளியே போகும்படி கட்டளையிட்டாள். தம்பி ஜெகன் முன்னால் நின்ற பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். வேட்டியைக் காப்பாற்ற அவர் ஓடினார். அவரைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட வரிசை ஓடியது. டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே புங்கமரத்தடியில் காயத்ரி தலை எண்ணிக்கொண்டிருந்தாள். அது வெறும் காட்சிப்பொருள் என்று காவலாளி கெஞ்சியது எடுபடவில்லை. சூப்பர்வைசர் வந்து, ஆபத்து நீங்கியது என்று ஆல் கிளியர் சொல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாதாம்.

சூப்பர்வைசரைத்தான் காணோம். உள்ளே கோளரங்கத்தின் மணி அடித்தது. சுமலதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூவராகவன் ஆற அமர நடந்து வந்தான். மனைவிக்குத் தெரியாமல் நழுவிப்போய், நடைவழியில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர்களில் காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீ செத்துட்டப்பா," என்றாள் காயத்ரி. எண்ணும்போது இல்லாதவர் செத்தவர் என்பது அவன் போட்ட சட்டம்தான்.

"இன்னாம்மா இது, சும்மா டேட்டு பாத்துக்கினு இருந்தேன். ஆல் கிளி..."

"செத்தவங்க பேசக் கூடாது."

கூட்டம் விழித்தது. சுமலதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரு பூட்டாரு. நான் சொல்றேன், ஆல் கிளியர். எல்லாரும் உள்ள போங்க."

கோளரங்க வாசலில் ஜெகன் அப்பாவை மறித்துவிட்டான். செத்தவர்களுக்கு ஷோ கிடையாதாம். பூவராகவன் மனைவியைப் பாவமாகப் பார்த்தான். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் நட்சத்திரம். புருஷன் செத்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சுமலதா தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.