நூலளவு கீழே

...அப்படியானால் இந்தக் கிளிப் சரியில்லை, அவ்வளவுதான், இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது, துணி கிளிப் மாதிரி பேஸ் கிதாரின் தலையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தப் பொடிச் சாமானுக்கு ஏ ஸ்வரக் கம்பியின் ஆழம் எங்கே புரியப்போகிறது, மீட்டினால் முள் இடது பக்கம் சாய்ந்து சிவப்பாகிறது, இடது என்றால் சுருதி இறங்கி இருக்கிறதாம், யாருடைய கம்பி இறங்கி இருக்கிறதாம்? காலையில் பல் விளக்கிய கையோடு கட்டிலில் உட்கார்ந்து, காதாலேயே பிடித்துச் சுருதி சேர்த்து, உறையில் போட்டுக்கொண்டு வந்த கம்பி இது, அதைப் போய்... சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையோடு, ஒரு தோளில் கருவிப்பை, மறு தோளில் கிதார் என்று இந்த இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தபோதே அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் சுருதி பார்க்க ட்யூனர் வாங்க வருவதா, பாட்டுக் குழுவில் அவருக்குப் பெயரே மீட்டர், வைத்தது டிரம்மர், 'காதா அது, மீட்டர்யா' என்று என்றைக்கோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது, மெஷின் ரூம் கதவில் காதை வைத்தாலே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுகிற மனிதர், வேலையிலும் சரி, மேடையிலும் சரி, அவர் காது சொன்னதற்கு மறுபேச்சு இருந்ததில்லை, கிதார் வாசிக்கிறவன்கூட இத்தனை வருஷமாக 'அண்ணே, ஒரு ஏ குடுங்க' என்று அவரிடம் வாங்கித்தானே சேர்த்துக்கொள்கிறான், பிச்சை வாங்குகிற மாதிரி பணிவாக நிற்பான், பாவம். கிளிப்பைக் கழற்றிக் கண்ணாடி மேஜையில் வைத்தார், "இது வேணாம் மேடம், கொஞ்சம் நம்பிக்கையா இருக்கிற மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றார்.

ட்யூனர் அவருக்காக இல்லையே, அதைச் சொன்னால் கடைக்கார அம்மாளுக்குப் புரியுமா, பாப்பாவுக்காக, பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை, அவருடைய தங்கை, நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்கிறாள், ஆனாலும் பாப்பாதான், குழுவின் பாட்டுக்காரி அவள்தான், வாரம் பூரா மத்தவங்களுக்கு, சனிக்கிழமை மட்டும் எனக்கு என்று சொல்லிக்கொண்டு பிராக்டிசுக்கு ஓடி வருகிறவள், அவளுக்கா இந்தக் கதி... கொஞ்ச நாளாகவே அவள் குரல் ஏறுகிறது, அதிகமில்லை, நூலளவுதான், ஆனால் நூலளவு என்றாலும் அவர் காதுக்கு அது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி, முதலில் சளி என்று விட்டார், அப்புறம் வயசு என்று நினைத்தார், போன மாதம் புதிதாகச் சேர்ந்த கீபோர்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், நல்ல மனிதர், யார் முகத்தையும் பார்க்காமல் "யாரோ ஒருத்தர் சேரல" என்று இழுத்தார், எல்லோரும் மீட்டரைத்தான் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தானே, அவர் பாப்பாவைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாமோ? இல்லை, சொந்தத் தங்கை என்பதற்காகக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை அவர், "பாப்பா, உனக்கு ஏறிப்போகுது, கீபோர்டு பக்கத்துல நிக்காத, அது இழுக்கிற பக்கம் எல்லாம் போற" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், கீபோர்டும் ஏறித்தான் கேட்கிறது, ஏதோ பட்டன் மாறிக் கிடக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார், பாப்பா தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் போட்டாள், அடுத்த வாரம் தலைவலி என்றாள், அதற்கடுத்த வாரம் காரணமே சொல்லவில்லை. முந்தாநாள் அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார், "சண்டையா மச்சான், பாத்திரம் கழுவும்போதுகூடப் பாட மாட்டேங்கிறா, வீடு என்னவோ மாதிரி இருக்கு."

சண்டை எல்லாம் ஒன்றுமில்லை, அவளுக்குக் கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும், அதற்குத்தான் இது, கோபித்துக்கொள்ளாமல் ட்யூனரை அவள் முன்னால் வைத்து, பாடு பாப்பா, பார், முள் எங்கே போகிறது பார் என்று காட்டிவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான், அதற்கு நம்பகமான மெஷின் வேண்டும், அரைகுறையாக ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அது தப்பாகக் காட்டினால் பாப்பாவுக்குத்தான் அநியாயம். இன்றைக்குச் சாயங்காலம் வேறொரு பெண் பாடிக் காட்ட வருகிறாள், சும்மா ஒரு மாற்றுக்கு, அடுத்த வார ஹோட்டல் நிகழ்ச்சியில் யாராவது பாட வேண்டுமே, பாப்பாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும்... கடைக்கார அம்மாள் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பாவை நீட்டினார், மைக் வைத்தது, கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாலே போதுமாம், அவருக்கா தெரியாது, பேஸின் தாழ்ந்த சத்தத்தைப் பிடிக்க இந்த மைக்குகள் படுகிற பாடு, கனமான கம்பியை வேகமாக அடித்தால் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும், அதனால் டோனைக் குறைத்து, கழுத்துப் பக்கமாக விரலின் சதையால் மெதுவாக மீட்டி, ஒரு மூச்சு விட்டுவிட்டு அதன் பிறகுதான் பார்க்க வேண்டும், அப்படியே பார்த்தார், முள் ஆடி அடங்கி இடது பக்கம் நின்றது. ஏ ஸ்வரத்துக்கான அளவு நானூற்று நாற்பதில்தான் வைத்திருக்கிறதா என்று பார்த்தார், சில சமயம் யாராவது பட்டனை அழுத்தி நானூற்று நாற்பத்தைந்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள், இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. "உங்க ஃபேன் சத்தம் உள்ள போகுது மேடம்" என்றார். அந்த அம்மாள் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார், இவர் வியர்க்க வியர்க்க மறுபடியும் மீட்டினார், இடது பக்கம். "பேட்டரி வீக்கா இருக்கும்."

"இதுல வயரே சொருகணும் சார், வெளிச் சத்தம் எதுவும் போகாது" என்று மூன்றாவதாகக் கனமான இரும்புப் பெடல் ஒன்று வந்தது, காலால் மிதிக்கிறது, மேடையில் இருட்டாக இருந்தாலும் பளிச்சென்று தெரிகிற விளக்குகள், மிதித்தவுடன் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம் நின்றுவிடும், பாட்டுக்கு நடுவே சபைக்குத் தெரியாமல் சரிபார்த்துக்கொள்ளலாம், சாமான் என்றால் இதுதான் சாமான், கையில் எடுத்தாலே கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை என்று தெரிகிறது, வயரைச் சொருகினார், மீட்டினார், விளக்கு இடது பக்கம் எரிந்தது. வயர் மாற்றிப் பார்த்தார். அந்த அம்மாள் சலித்துக்கொள்ளவே இல்லை, சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார், "மின்சாரமே வேணாம்னா இது ஒண்ணு இருக்கு" என்று தட்டினால் சரியான ஏ கொடுக்கிற, இரண்டு கால் வைத்த சுருதிக் கவையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார், இவர் அதை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தார், ம்ஹூம், ஏறி இருக்கிறது, நூலளவு, அதே மணல், "இது ஏறி இருக்கு மேடம், எங்கயோ கீழ விழுந்திருக்கும்." அந்த அம்மாள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார், "இரும்பு சார், அது எங்க போய் ஏறும்?" என்றார், கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

எங்கே போய் ஏறும்... சூடு பட்டால் இறங்கும், துரு பிடித்தால்... துரு பிடிக்கவில்லை, பளபளவென்று இருக்கிறது, சரி, இது ஒன்றை விடு, அது கிளிப், இது டப்பா, அது பெடல், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பேட்டரி, மூன்றும் எவ்வளவு இடது பக்கம் காட்டின? அதைப் பார்க்கவில்லையே, மறுபடி மாட்டிப் பார்த்தார், கிளிப்பில் அதே கோடு, டப்பாவில் அதே கோடு, பெடலில் நடு விளக்குக்குப் பக்கத்து விளக்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பேசி வைத்துக்கொண்ட மாதிரி... போன வாரம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு விரல்கடை இறங்கி நிற்கிறது என்று கூப்பிட்டார்கள், வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், கோட் போட்டவர், கட்டடம் கட்டியவன் எல்லா மாடியையும் உயர்த்திக் கட்டிவிட்டான் என்று குதித்தார், இவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, "சார், ஒரு மாடியில மட்டும் இறங்கி நின்னா மாடியைப் பார்க்கலாம், எல்லா மாடியிலயும் ஒரே அளவுக்கு இறங்கி நின்னா மாடி என்ன சார் பண்ணும், பெட்டிதான் கீழ இருக்கு" என்று சொல்லிவிட்டு, அங்கே ஒரு சின்ன சென்சாரைச் சரிசெய்துவிட்டு வந்தார், அந்த ஆள் முகத்தை நினைத்து இரண்டு நாள் சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. கிளிப், டப்பா, பெடல், கவை, பாட்டு வாத்தியாரின் கீபோர்டு... அப்புறம் பாப்பா.

இருக்காது. ஒரு தடவை இவை சொல்கிறபடியே வைத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடப் போகிறது, பார்த்துவிட்டு, சீ, என்ன இது என்று திரும்ப இறக்கிவிடலாம், திருகைப் பிடித்தார், கொஞ்சம் ஏற்றினார், இன்னும் ஒரு பொட்டு, பெடலின் நடு விளக்கு பச்சையாக எரிந்தது, கிளிப்பும் பச்சை, கண்ணை மூடிக்கொண்டு மீட்டினார். ஏறி இருக்கிறது. ஆனால் இந்த ஏற்றம் தெரிந்த ஏற்றம், இது எந்த இடத்தில் வந்து உறுத்தும், எப்படி உறுத்தும், எல்லாம் அவருக்கு அத்துப்படி, இது பாப்பா, அச்சாக அவள்தான், அவள் பாடும்போது அவர் முகத்தைச் சுளிக்கிற அதே இடம்... அப்படியானால் அவள் ஏறவே இல்லை, அவர் இறங்கிக்கொண்டே போயிருக்கிறார், அவரோடு கிதார்க்காரனும், அந்தப் பணிவுக்காரன், கொடுத்ததை வாங்கிக்கொண்டு இறங்கி இருக்கிறான், பாப்பா மட்டும்தான் கூட இறங்கி வரவில்லை, அவளுக்கும் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, காது ஒரு பக்கம் இழுக்க. காதுக்கும் வயசாகும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, கண்ணாடி போடுகிறோம், பல் கட்டுகிறோம்... வெட்கமாக இருந்தது, ஆனால் சரிசெய்யத் தெரியாத வேலை எது இருக்கிறது அவருக்கு, பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான், ட்யூனரைப் பார்த்துச் சேர்க்க வேண்டியது, காதை நம்பாமல் இருக்கப் பழக வேண்டியது, சாயங்காலம் வருகிற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டியது. "இந்தப் பெடலையே குடுத்துடுங்க மேடம், நல்ல சாமான்" என்றார். "அதான் சார் நானும் சொன்னேன்" என்று அந்த அம்மாள் ஃபேனைப் போட்டுவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

வாசலுக்கு வந்து, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனை எடுத்தார், பாப்பா கிளினிக்கில்தான் இருப்பாள், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பேசுவாள், பேசட்டும், இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது, மணி அடித்தது, "சொல்லுண்ணா" என்றாள், குரலில் ஒன்றும் தெரியவில்லை, அவர் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினார், கிளிப், டப்பா, பெடல், கவை, பச்சை விளக்கு, "நீ பாடினது சரி பாப்பா, நான்தான் கீழ இருந்திருக்கேன், எல்லார் முன்னாடியும் உன்னைச் சொன்னேன் இல்ல, எல்லார் முன்னாடியும் வந்து நான் சொல்றேன், சாயங்காலம் வா" என்றார். அந்தப் பக்கம் யாரோ ரசீது கேட்டார்கள், அவள் கொடுத்தாள், பிறகு, "அப்படியா... நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்" என்றாள். அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, சரி, முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று போனை வைக்கப் போனவர் வைக்கவில்லை, என்ன சொன்னாள் இவள், நான் சொன்னால் சரியாக இருக்குமா, அன்றைக்கு ஏறுகிறாய் என்று சொன்னேன், சரி என்று பாட்டிலை மூடிக்கொண்டு போனாள், இன்றைக்கு ஏறவில்லை என்கிறேன், அதற்கும் சரி என்கிறாள், நாளைக்கு நான் வேறு மாதிரிச் சொன்னால்? "நான் சொல்றது இருக்கட்டும்" என்றார், "உனக்கு எப்படிக் கேட்டுச்சு பாப்பா, அதைச் சொல்லு." லைன் இருந்தது, மூச்சுச் சத்தம் இருந்தது, அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது, போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்...